டைம்கீப்பர் கணபதியின் ஞாயிற்றுக்கிழமைகள்

கண்டி பஸ் நிலையத்துக்குப் போய்க் கணபதி எங்கே என்று கேட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். டைம்கீப்பர் என்று கேளுங்கள், உடனே கை நீட்டிக் காட்டுவார்கள். பன்வில பஸ்கள் நிற்கிற வரிசையின் தலைமாட்டில், தகரக் கூண்டுக்குள், ஒரு கதிரையும் பெரிய கொப்பியும் கழுத்தில் விசிலுமாக இருபத்தேழு வருஷமாக உட்கார்ந்திருக்கிற மனுஷன். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதுவதுதான் உத்தியோகம். இன்னும் ஒரு நிமிஷம் நின்று ஆள் ஏற்றப் பார்க்கும் டிரைவர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. பிளேன்டீ வாங்கிக் கொடுத்துப் பார்ப்பார்கள். டீயைக் குடித்துவிட்டு நேரத்துக்கு விசிலை ஊதிவிடுவார், ஊதினால் பஸ் கிளம்பியாக வேண்டும். ஒருமுறை எழுதிய நேரத்தை வெட்டித் திருத்தியதே கிடையாது. வெட்டி எழுதுகிறவன் கள்ளன் என்பது அவர் கட்சி.

வாய்ப்பேச்சில் மட்டும் மகா கஞ்சன். மகன் நிரஞ்சன் படிப்பு விசாவில் இங்கிலாந்துக்குப் போய், பிறகு நொட்டிங்ஹாமில் வயசாளிகளைப் பார்த்துக்கொள்ளும் விடுதி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. இந்த மூன்று வருஷத்தில் அப்பனும் மகனும் போனில் பேசியதை எல்லாம் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதி முடித்துவிடலாம். சாப்பிட்டியா, குளிரா, உடம்பைப் பாத்துக்க. அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. போனை மனைவி ஜெயராணியின் கையில் கொடுத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விடுவார். பாசம் இல்லையா என்றால், இருந்தது, வேண்டிய மட்டும் இருந்தது. அதை எந்த வாசல் வழியாக வெளியே விடுவது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

ஞாயிறு தோறும் பின்னேரம் நாலரைக்குக் கட்டுகஸ்தோட்டை வீட்டில் அந்தப் போன் அடிக்கும். அங்கே அப்போது மத்தியானம் பன்னிரண்டு மணி. தாயும் மகனும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். போன வருஷம் ஜெயராணியின் தொண்டையில் புற்றுநோய் என்று கண்டு ஒப்பரேஷன் செய்தார்கள். உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. மூச்சுவிடக் கழுத்தில் போட்ட துளையை மகன் பார்க்கக்கூடாது என்று அவள் வீடியோவில் முகம் காட்டமாட்டாள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு நிற்கவில்லை. மகன் பேசுவான், அவள் கையில் கிடக்கும் வளையலால் போனின் முதுகில் தட்டுவாள். ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை. முற்றத்தில் நிற்கிற கணபதிக்கு அந்தச் சத்தம் மட்டும் கேட்கும். அந்தத் தட்டலுக்குள் தாயும் மகனும் இன்னும் என்னென்ன வைத்திருந்தார்கள் என்று அவர் கேட்டதும் இல்லை, அவர்கள் சொன்னதும் இல்லை.

செப்டம்பரில் நோய் திரும்பி வந்தது. இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து நிரஞ்சன் விசாவுக்குப் புதிதாக விண்ணப்பம் போட்டிருந்தான். முடிவு வருவதற்குள் நாட்டை விட்டு வெளியே காலை வைத்தால் விண்ணப்பம் செல்லாமல் போய்விடும், மூன்று வருஷப் பாடும் மண்ணாகிவிடும். இது ஜெயராணிக்கு நன்றாகத் தெரியும். ஒரு கடதாசித் துண்டில் எழுதிக் கணபதியிடம் நீட்டினாள். ‘பேப்பர் வர்ற வரைக்கும் தம்பிக்குச் சொல்லாதீங்க. எல்லாத்தையும் விட்டுட்டு ஓடி வந்துருவான். சத்தியம் பண்ணுங்க.’ அவர் அவள் கையில் அடித்துச் சத்தியம் பண்ணினார்.

இருபத்துமூன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை அவள் போய்விட்டாள். அன்றைக்கு விடியற்காலையிலிருந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணபதி, கை சும்மா இருக்கமாட்டாமல், ஒரு புதுக் கொப்பியில் நேரம் போட்டு எழுதிக்கொண்டே இருந்தார். வேறு எதைச் செய்வது என்று அந்த மனுஷனுக்குத் தெரியவில்லை.

குண்டசாலையில் கட்டிக்கொடுத்த மகள் நிலூஷா வந்து விழுந்து அழுதாள். அண்ணனுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று காலைப் பிடித்தாள். பெற்ற தாய்க்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் அவன்தானே, ஒரே மகன் இருக்கையில் இன்னொருத்தன் கையால் நெருப்பா என்று கேட்டாள். கணபதி அசையவில்லை. ஜெயராணியின் அண்ணன் மகன் ஜீவன் கொள்ளி வைத்தான். வந்த சொந்தக்காரர் ஒவ்வொருவரையும் கணபதி கும்பிட்டு, பேஸ்புக்கில் ஒன்றும் போட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். மதிலில் ஒட்டியிருந்த மரண அறிவித்தலைத் தன் கையாலேயே கிழித்தார். அவள் கையிலிருந்து கழற்றிய வளையலை அலுமாரியில் வைக்கவில்லை, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு நாலரைக்குப் போன் அடித்தது. ஏழு தரம் அடிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எடுத்தார். அம்மா எங்கே என்று முதல் கேள்வி. குளிச்சிட்டு வர்றா என்றார். அதற்குப் பிறகு என்ன பேசுவது? சாப்பிட்டியாவும் குளிராவும் அரை நிமிஷத்தில் தீர்ந்துபோயின. போனுக்குள் பின்னால் யாரோ கூச்சல் போடுகிற சத்தம் கேட்டது. தண்ணீரில் விழுந்தவன் கையில் கிடைத்ததைப் பிடிக்கிற மாதிரி அதைப் பிடித்துக்கொண்டார். என்னடா அது கூச்சல் என்றார். கூட இருக்கிறவர்கள் போன வாரத்து அமெரிக்கன் ஃபுட்போல் மாட்சைத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள், தானும் இப்போது அதில் பைத்தியம் என்றான் நிரஞ்சன்.

“அது எப்படி வெளையாடுறது? எனக்கும் சொல்லேன்” என்றார் கணபதி.

அப்பா கேட்கிறாரா என்று மகனுக்கு நம்ப முடியவில்லை. பிறகு அணை திறந்த மாதிரி கொட்டத் தொடங்கினான். பதினொரு பேருக்குப் பதினொரு பேர். பந்து வைத்திருக்கிற பக்கத்துக்கு நாலு வாய்ப்பு. நாலு வாய்ப்புக்குள் பத்து கஜம் முன்னால் போனால் புதிதாக இன்னொரு நாலு வாய்ப்பு, போகாவிட்டால் பந்து எதிராளிக்கு. இப்படியே பத்துப் பத்தாகத் தள்ளிக்கொண்டு போய்க் கடைசிக் கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி. இது மட்டும் தெரிந்தால் போதும் அப்பா, மற்றதெல்லாம் பார்க்கப் பார்க்க வந்துவிடும் என்றான். இங்கிலாந்தில் இருந்து பார்க்கிறவர்களுக்கு இதில் ஒரு வசதி, ஞாயிறு பின்னேரம் ஆறு மணிக்கே ஆட்டம் தொடங்கிவிடும், டீயோடு உட்கார்ந்துவிடலாம் என்றான். நாற்பது நிமிஷம் பேசினான்.

கடைசியில் கேட்டான். “அம்மா வந்துட்டாங்களா? அம்மா, சாப்பிட்டீங்களா?”

கணபதி சட்டைப்பையில் கை விட்டார். வளையலை எடுத்தார். போனின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். வலிக்குதா என்று கேட்டான் மகன், இரண்டு தட்டினார். அந்தக் கையை வெட்டிப்போட்டால் தேவலை என்றிருந்தது அவருக்கு. சரிம்மா வைக்கிறேன் என்று சொல்லிவிட்டும் நிரஞ்சன் வைக்கவில்லை. எதற்கோ காத்திருக்கிற மாதிரி கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு வைத்துவிட்டான்.

அன்றிலிருந்து கணபதிக்கு இந்த விளையாட்டுத்தான் கதி. மகன் அம்மாவைக் கேட்கிற நேரத்தைக் குறைக்க வேண்டுமென்றால் அப்பா பேச வேண்டும், அப்பா பேச வேண்டுமென்றால் விஷயம் வேண்டும். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட போன் கடை வைத்திருக்கிற அஸ்ஃபரிடம் போய் நின்றார். அஸ்ஃபர், ஜெயராணி செத்த அன்று வீட்டுக்கு வந்து நாள் முழுக்கக் கதிரை தூக்கிப் போட்ட ஆள். என்ன ஏது என்று கேட்காமல், ஆட்டங்களைச் சுருக்கிப் பத்து நிமிஷமாகப் போடுகிற வீடியோக்களைத் தேடிக் கொடுத்தார். திங்கள் தோறும் தகரக் கூண்டுக்குள் கணபதி அதைப் பார்ப்பார்.

முதலில் ஒரே குழப்பம். கண்டிக்காரனுக்கு முட்டை வடிவப் பந்து புதிதா என்ன? ரக்பி பார்த்து வளர்ந்த ஊர் இது. அதுதான் வினையாகப் போயிற்று. ரக்பியில் பந்தை முன்பக்கமாக எறிந்தால் குற்றம். இங்கே ஒருத்தன் நாற்பது கஜம் முன்னால் எறிகிறான், இன்னொருத்தன் பாய்ந்து பிடிக்கிறான், ஊரே எழுந்து கைதட்டுகிறது. கணபதி தன்னை அறியாமல் கூண்டுக்குள் இருந்து விசிலை ஊதிவிட்டார். ஏறிக்கொண்டிருந்த சனத்தைப் பாதியில் விட்டுவிட்டு பன்வில பஸ் கிளம்பிப் போனது. இதைக் கேட்டு நிரஞ்சன் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது.

கடிகாரம்தான் அவரை இன்னும் படுத்தியது. ஆட்டத்தின் கால்வாசி பதினைந்து நிமிஷம் என்கிறான் மகன், அது முடிய முக்கால் மணி நேரமாகும் என்றும் அவனே சொல்கிறான். எவன்டா அங்க டைம்கீப்பர், அவனுக்கு வேலை போயிருக்கணுமே என்று கத்தினார். பிடிக்காமல் விட்ட பந்து தரையில் விழுந்தால் கடிகாரம் நிற்கும், அதுபோக ஒவ்வொரு பாதியிலும் ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்று தரம் கடிகாரத்தை நிறுத்தச் சொல்லும் உரிமை உண்டு என்று மகன் விளக்கினான். கேட்டால் நிறுத்துவார்களா என்று கேட்டார் கணபதி. கேட்டால் நிறுத்தத்தான் வேண்டும் என்றான் அவன். கணபதி சட்டைப்பையில் கிடந்த வளையலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஒக்டோபரில் அமெரிக்காவிலிருந்து அணிகள் லண்டனுக்கே வந்து விளையாடின. அங்கே மத்தியான ஆட்டம், இங்கே இரவு ஏழு மணி. நிரஞ்சன் ரயிலேறிப் போய்க் காற்சட்டைப்பையில் போனை வைத்துக்கொண்டு மைதானத்தின் இரைச்சலை அப்பாவுக்குக் கேட்க வைத்தான். அவன் அணிக்குப் பச்சைச் சட்டை. கணபதியும் பச்சைக் கட்சி. ஜெயராணியின் கடைசி நாளை எழுதிய அதே கொப்பியில், அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு அடுத்த பக்கத்திலிருந்து கோடு போட்டு, யார் எத்தனை கஜம், எத்தனையாவது வாய்ப்பு, எத்தனை மணி என்று பஸ்ஸுக்கு எழுதுகிற மாதிரியே எழுதினார். அந்த மாதக் கடைசியில் குளிர்காலத்துக்காக இங்கிலாந்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தார்கள், போன் ஐந்தரைக்கு அடிக்கத் தொடங்கியது. ஒரு தேசமே சேர்ந்து நேரத்தைத் திருப்பி வைக்குமா என்று ஆச்சரியப்பட்டார். நம்ம ஊரிலும் முடிந்தால் செப்டம்பருக்குத் தள்ளச் சொல்லலாம் என்று நினைத்தார்.

இதில் ஒரு கொடுமை என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை வருவது கணபதிக்குப் பிடிக்கத் தொடங்கிவிட்டது. சனி இரவே மறுநாள் மகனிடம் என்ன சொல்லலாம் என்று யோசிப்பார். பெண்டாட்டி செத்து இரண்டு மாதம் ஆகவில்லை, இது என்ன சந்தோஷம் என்று தன் முகத்திலேயே காறித் துப்ப வேண்டும் போல இருக்கும். ஒரு ஞாயிறு நிரஞ்சன் சொன்னான். “அப்பா, இருபத்தாறு வருஷத்துல இப்பத்தான் நீங்க என்கூடப் பேசுறீங்க.” கணபதி முற்றத்துக்குப் போய் அழுதுவிட்டு வந்தார்.

நிலூஷாவுக்கு இதெல்லாம் கண்ணில் விழுந்த தூசி. ஒரு தடவை வந்திருந்தபோது அப்பா வளையலால் தட்டுவதைக் கண்ணால் பார்த்துவிட்டாள். சொல்லாமல் இருப்பது ஒன்று, செத்தவள் கையாகி மகனுக்குப் பதில் சொல்வது இன்னொன்று, இதை அம்மாகூட உங்களிடம் கேட்கவில்லையே என்று சண்டை போட்டாள். அவள் சொன்னது நியாயம்தான்.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு பார்சல் வந்தது. உள்ளே அப்பாவுக்குப் பச்சைச் சட்டை, முதுகில் பெரிய இலக்கத்தோடு. அம்மாவுக்குக் கழுத்துத் துளையை மறைத்துக் கட்டிக்கொள்ள மெல்லிய கம்பளித் துணி, கத்தரிப்பூ நிறத்தில். ஐந்தரைக்குப் போனில் கேட்டான், அம்மா, துணி புடிச்சிருக்கா, கழுத்துல குத்துதா? கணபதி அந்தத் துணியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தட்டும் பிறகு இரண்டு தட்டும் தட்டினார். வழக்கம்போல முடிவில் அவன் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தான். என்னம்மா கோவமா என்று மெல்லக் கேட்டான். இரண்டு தட்டினார். அவன் வைத்துவிட்டான்.

டிசம்பர் பதினெட்டாம் தேதி, வியாழக்கிழமை பின்னேரம், போன் அடித்தது. ஞாயிறு இல்லாத நாளில் அடித்ததுமே கணபதிக்கு விளங்கிவிட்டது. விசாப் பேப்பர் வந்துவிட்டது. நிரஞ்சன் குதித்துக்கொண்டிருந்தான். மொதல்ல அம்மாகிட்டக் குடுங்கப்பா, நான்தான் சொல்லுவேன் என்றான். கணபதி கையில் வளையல் இருந்தது. அதைக் கீழே வைத்தார்.

“தம்பி, அம்மா இல்லப்பா.”

எங்கே போனாங்க என்றான். பிறகு அவனே விளங்கிக்கொண்டான். எப்ப என்று கேட்டான். தேதியும் கிழமையும் நேரமும் சொன்னார் கணபதி, அது மட்டும் அவருக்குத் தடுமாறவில்லை. அம்மா எழுதிக் கொடுத்ததையும், சத்தியம் வாங்கியதையும் சொன்னார். அந்தப் பக்கம் அவன் மனதுக்குள் ஞாயிறுகளை எண்ணியிருப்பான் போல.

“அப்ப தட்டினது யாரு?”

“நான்தான்.”

“கொள்ளி?”

“ஜீவன் வச்சான்.”

“என்கிட்ட மாட்ச் கதை கேட்டதெல்லாம் இதுக்குத்தானா?” என்றான் நிரஞ்சன். இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். முதலில் அதற்குத்தான் என்பது உண்மை, பிறகு அதற்கு மட்டும் இல்லை என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்ல அவருக்குப் பேச்சு வரவில்லை. போன் கட்டாகிவிட்டது.

அதற்குப் பிறகு ஐந்தரை மணிக்குப் போன் அடிக்கவில்லை. கணபதி போன் போட்டாலும் அவன் எடுக்கமாட்டான். நிலூஷாவிடம் மட்டும் இரண்டொரு தரம் பேசினானாம், அழுதானாம், அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லையாம். மனைவியைக் காப்பாற்ற முடியவில்லை, அவள் கேட்ட சத்தியத்தைக் காப்பாற்றியதில் மகனும் போய்விட்டான் என்று கணபதி அஸ்ஃபரிடம் சொன்னார். அஸ்ஃபர் டீயை ஊற்றிக் கொடுத்தார், வேறு என்ன செய்வார். ஆனாலும் திங்கள் தோறும் கணபதி சுருக்க வீடியோவைப் பார்த்தார், கொப்பியில் எழுதினார். பச்சைச் சட்டைக்காரர்கள் ஜனவரியில் தோற்று வெளியேறினார்கள். அதைக்கூடச் சொல்ல ஆளில்லை. எட்டு ஞாயிறு இப்படிப் போனது.

பிப்ரவரியில் அந்த விளையாட்டின் பெரிய இறுதி ஆட்டம். இங்கிலாந்தில் ஞாயிறு நடுச்சாமத்துக்குக் கொஞ்சம் முந்தித் தொடங்கினால் கண்டியில் திங்கள் விடியற்காலை ஐந்து மணி. கணபதி வேலைக்குப் போக எழுந்து, காக்கிச் சட்டை போட்டு, விசிலை மாட்டிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. நிரஞ்சன்.

எடுத்து ஹலோ என்றார். டிவியில் கூட்டம் இரைகிற சத்தமும் அவன் மூச்சும்தான் கேட்டன. எங்கே வைத்துவிடுவானோ என்ற பயத்தில், பழகிப்போன கை சட்டைப்பைக்குள் போய் வளையலை எடுத்து ஒரு தட்டுத் தட்டிவிட்டது.

“தட்டாதீங்கப்பா” என்றான் நிரஞ்சன். “உங்களுக்குத்தான் கொரல் இருக்கே. பேசுங்க.”

என்னத்தைப் பேச என்றார். மாட்ச் வேண்டாம், அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க, நான் இல்லையே, ஒன்னு விடாம சொல்லுங்க என்றான். அந்தப் பக்கம் டிவிச் சத்தம் நின்றது.

கணபதி கொப்பியை எடுத்து முதல் பக்கத்தைப் பிரித்தார். இத்தனை நாளில் அதை அவரே திரும்பிப் பார்த்ததில்லை. வாசித்தார். காலை 5.10, கண் முழித்தாள். 6.30, கஞ்சி கொடுத்தேன், இரண்டு கரண்டி. 9.00, ஜன்னலைத் திறக்கச் சொல்லிக் கை காட்டினாள், வெளியே மழை. 11.25, போனில் தம்பி படத்தைப் பார்த்தாள். 1.15, என் கையைப் பிடித்தாள். 2.40, வளையலால் கட்டில் சட்டத்தில் மூன்று தட்டுத் தட்டினாள், தண்ணீர் கேட்டாள், கரண்டியில் கொடுத்தேன், குடிக்கவில்லை. 2.52.

அந்த 2.52க்கு எதிரே எதுவும் எழுதியிருக்கவில்லை.

“எத்தனை தட்டு?” என்றான் நிரஞ்சன்.

“மூணு.”

“நல்லாத் தெரியுமா?”

“நான் டைம்கீப்பர்டா.”

நிரஞ்சன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னான். “அது தண்ணி இல்லப்பா. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் போன் வைக்கிறப்ப அம்மா மூணு தட்டுவாங்க. போயிட்டு வரேன்னு அர்த்தம். நாங்க ரெண்டு பேரும் வச்சிக்கிட்டது. நீங்க வெளிய நிப்பீங்க, உங்களுக்குத் தெரியாது. அந்தப் பன்னெண்டு ஞாயிறும் நான் காத்துக்கிட்டே இருந்தேன், மூணு தட்டு வரவே இல்ல. உங்ககூட ரொம்ப நேரம் பேசுறேன்னு அம்மாவுக்குக் கோவம்னு நெனச்சேன்.”

கணபதி கதிரையில் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவள் கடைசியாக அவரிடம் சொல்லிக்கொண்டு போயிருக்கிறாள். அவர் அப்போது கரண்டியைத் தேடிக்கொண்டு குசினிக்கு ஓடியிருக்கிறார். சரி போயிட்டு வா என்று ஒரு வார்த்தை, பேச்சுக் கஞ்சனாக இருந்தாலும் அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லியிருப்பார்.

பேனையை எடுத்தார். இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக, எழுதியதை வெட்டினார். தண்ணீர் கேட்டாள் என்பதற்கு மேலே சின்ன எழுத்தில், போயிட்டு வரேன் என்றாள் என்று எழுதி, அதை மகனுக்கு வாசித்துக் காட்டினார். அவன் அழுதான், இவரும் அழுதார். அன்றைக்குப் பன்வில முதல் பஸ் விசில் இல்லாமலே கிளம்பிப் போயிற்று.